ஆகாய விமானப் பிரயாணமும் குடியானவரின் மூட்டையும்

திருச்சிராப்பள்ளி நகருக்குக் கிழக்கே, தஞ்சாவூர் ரஸ்தாவை அடுத்துள்ள கைலாசபுரம், 1960-களில் நிறுவப்பட்ட 'பெல்' கொதிகலன் தொழிற்சாலையின் குடியிருப்பாகும். அதனைச் சூழ்ந்த திருவெறும்பூர் வட்டாரத்தில் உய்யக்கொண்டான் முதலிய வாய்க்கால்களின் பாய்ச்சலால் நெல்லும் வாழையும் விளைகின்றன. தொழிற்சாலைக் குடும்பங்களாயினும், அயலிலுள்ள வேளாண் குடும்பங்களாயினும், பிள்ளைகளில் ஒருவர் கடல் கடந்து உத்தியோகம் பார்ப்பது இப்பக்கத்தில் சாதாரணமாகிவிட்டது. திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாய் முதலிய ஊர்களுக்கு விமானங்கள் செல்கின்றன. 2024-ம் வருஷம் ஜனவரி 2-ந் தேதி திறந்துவைக்கப்பட்ட புதிய நிலையக் கட்டடம், அவ்வாண்டு ஜூன் 11-ந் தேதி முதல் பிரயாணிகளுக்குப் பயன்பட்டு வருகிறது.

பிள்ளையைப் பார்க்கச் செல்லும் பெற்றோர் வெறுங்கையோடு செல்வதில்லை. சொந்த நிலத்து அரிசி, கொப்பரை, வீட்டில் உருக்கிய நெய், அரைத்த மிளகாய்த்தூள், கறிக்குச் சேர்க்கும் கசகசா ஆகியவற்றை அன்போடு மூட்டை கட்டுகின்றனர். திரும்பும்போது அங்கே கண்ட புதுவிதமான செடியையோ விதையையோ கொண்டுவர விரும்புகின்றனர். இவ்விரண்டு விஷயங்களிலும் சட்டம் குறுக்கிடுகிறது. அதை அறியாதவர் பொருளை இழப்பதோடு, சில சமயம் அபராதமும் சிறைவாசமும் அடைய நேரிடும். அறியாமல் கொண்டுவந்த ஒரு கன்றினால் ஒரு ஜில்லாவின் பயிரே கெடவும் கூடும்.

இருவகைச் சாமான்கள்

விமானப் பிரயாணியின் சாமான்கள் இருவகைப்படும். நிலையத்தில் கம்பெனியாரிடம் ஒப்படைத்து, விமானத்தின் அடித்தளத்தில் ஏற்றப்படுவது ஒன்று. இதனை 'செக்-இன் லக்கேஜ்' என்பர். பிரயாணி தம்முடன் எடுத்துச்சென்று இருக்கைக்கு மேலே வைத்துக்கொள்ளும் கைப்பை மற்றொன்று. கைப்பை பெரும்பாலும் 7 கிலோ எடைக்கு மேற்படக் கூடாது. உள்நாட்டுப் பிரயாணத்தில் ஒப்படைக்கும் சாமானுக்குப் பல கம்பெனிகள் 15 கிலோ வரை கட்டணமின்றி அநுமதிக்கின்றன. வெளிநாட்டுப் பிரயாணத்தில் இவ்வளவு கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். அது டிக்கட்டிலேயே குறிக்கப்பட்டிருக்கும். எவ்வளவு கட்டணம் செலுத்தினாலும் ஒரே பெட்டி 32 கிலோவுக்கு மேற்படலாகாது என்பது பொது வழக்கம். சுமை தூக்கும் தொழிலாளரின் உடல்நலத்தை முன்னிட்டு ஏற்பட்ட விதி இது. களத்துத் தராசில் வீட்டிலேயே எடை பார்த்துக்கொண்டால், நிலையத்தில் பெட்டியைத் திறந்து பொருளை வெளியேற்றும் சங்கடம் நேராது.

தீப்பற்றும் பொருள்கள்

கொப்பரையை விமானத்தில் ஏற்றக் கூடாதென்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் கொப்பரைக் கிடங்கு வைத்திருப்போருக்கு இதன் காரணம் எளிதில் விளங்கும். சரிவரக் காயாத கொப்பரையைக் குவித்து வைத்தால் குவியலின் உட்புறம் சூடேறுவதை அவர்கள் அறிவர். அதிலுள்ள எண்ணெய் காற்றோடு கலந்து உஷ்ணத்தை உண்டாக்குகிறது. உஷ்ணம் வெளியேற வழியில்லாதபோது தானாகவே தீ மூளக்கூடும். ஆதலால் சர்வதேச அட்டவணையில் கொப்பரை, 1363 என்ற எண்ணுடன், தானே தீப்பற்றும் பொருள்களின் வகுப்பில் சேர்க்கப்பட்டுள்ளது. இந்திய சிவில் விமானப் பாதுகாப்பு இலாகா 2022-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஒப்படைக்கும் சாமான்களிலும் இதனை விலக்கியது. கொப்பரையை வீட்டிலேயே விட்டுச் செல்வதே உத்தமம்.

முழுத் தேங்காயையும் கைப்பையில் வைக்கப் பொதுவாக அநுமதியில்லை. சபரிமலை யாத்திரிகரின் இருமுடியை உத்தேசித்து 2024-ம் வருஷ யாத்திரைக் காலத்தில் சர்க்கார் இவ்விதியைத் தளர்த்தியது. தக்க பரிசோதனைக்குப் பின் காயை உடன் கொண்டுசெல்ல அநுமதி கிடைத்தது. அத்தளர்வு யாத்திரைக் காலத்தோடு முடிவது. மற்றச் சமயங்களில் கம்பெனியாரைக் கேட்டறிந்த பின்னரே தேங்காயைப் பெட்டியில் வைத்தல் வேண்டும்.

கற்பூரம், தீப்பெட்டி, சிகரெட்டு லைட்டர், பட்டாசு, மண்ணெண்ணெய் ஆகியன கைப்பையிலும் கூடா. ஒப்படைக்கும் பெட்டியிலும் கூடா. பூச்சிமருந்துகளும் அவ்வாறே. அம்மோனியம் நைட்ரேட்டு, பொட்டாசியம் நைட்ரேட்டு போன்ற எருக்கள் பிறபொருளை எரியத் தூண்டுவனவாதலால் அவற்றையும் சிறு பொட்டலமாகக்கூட வைத்தல் ஆகாது. பெட்ரோலோ அதன் ஆவியோ எஞ்சியுள்ள விசைத்தெளிப்பானைக் கம்பெனியார் ஏற்கமாட்டார்.

இவ்விதிகள் வீண் கெடுபிடியல்ல. 1996-ம் வருஷம் மே மாதம் 11-ந் தேதி, அமெரிக்காவில் மயாமி நகரிலிருந்து புறப்பட்ட ஒரு விமானத்தின் அடித்தளத்தில், முறை தவறி ஏற்றப்பட்டிருந்த பிராணவாயு உற்பத்திக் கலங்கள் தீப்பற்றின. விமானம் சதுப்பு நிலத்தில் வீழ்ந்து, அதிலிருந்த 110 பேரும் மாண்டனர். தரையில் ஒரு குடம் நீரால் அணையும் தீ, வானத்தில் நூறு உயிரைக் கொள்ளும்.

செல்பேசிக்கு மின்சாரம் ஏற்றும் 'பவர் பாங்க்' விஷயத்தில் விதி தலைகீழானது. அதனை ஒப்படைக்கும் பெட்டியில் வைக்கக் கூடாது. கைப்பையிலேயே வைக்க வேண்டும். அதனுள்ளிருக்கும் லித்தியம் மின்கலம் தீப்பற்றினால், கண்ணெதிரே இருந்தால்தான் விமானப் பணியாளர் உடனே அணைக்க முடியும். அதன் சக்தி 100 வாட்-மணிக்குள் இருத்தல் வேண்டும். மேலே 20,000 மில்லி ஆம்பியர்-மணி என்று எழுதியிருந்தால் அது ஏறக்குறைய 74 வாட்-மணியாகும்; ஆகவே அது வரம்புக்குட்பட்டதே.

கைப்பையின் விதிகள்

2006-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில், திரவ வெடிப்பொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதியொன்று லண்டனில் வெளிப்பட்டது. அது முதல் வெளிநாட்டுப் பிரயாணத்தில் கைப்பையிலுள்ள திரவங்களுக்குக் கட்டுப்பாடு ஏற்பட்டது. ஒவ்வொரு கலமும் 100 மில்லி லிட்டருக்கு மேற்படாமல், எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஒளி ஊடுருவும் பைக்குள் அடங்க வேண்டும். நெய், தேன், எண்ணெய், ஊறுகாய், தயிர் ஆகியனவும் திரவங்களாகவே மதிக்கப்படும். சில தேசத்து நிலையங்கள் புதிய சோதனைக் கருவிகளை அமைத்து இவ்வரம்பைத் தளர்த்தியிருப்பினும், அதனை நம்பிப் புறப்படுவது தகாது. நெய்யையும் ஊறுகாயையும் மூடி இறுகிய கலத்தில் அடைத்து, மேலே இரண்டு உறைகளிட்டு, ஒப்படைக்கும் பெட்டியில் வைப்பதே முறை.

மிளகாய்த்தூள் கண்ணில் தூவி ஊறுசெய்யக் கூடியதாகையால் கைப்பையில் விலக்கப்பட்டது. கத்தி, கதிர் அரிவாள், அரிவாள்மணை, பாக்குவெட்டி ஆகியவற்றையும் தடித்த துணியில் சுற்றி ஒப்படைக்கும் பெட்டியிலேயே வைத்தல் வேண்டும்.

அயல்நாட்டுச் சட்டங்கள்

நம் விமான நிலையத்தில் தடையின்றிச் சென்ற பொருள், இறங்கும் நாட்டில் குற்றமாகலாம். இவற்றுள் முதலில் நினைவில் வைக்கத்தக்கது கசகசா. அபினிச் செடியின் விதையாதலால், ஐக்கிய அரபு நாடுகளிலும் சிங்கப்பூரிலும் அது போதைப்பொருட் சட்டத்திற்கு உட்பட்ட தடைப்பொருளாகும். கறிக்குரிய ஒரு பிடியே ஆனாலும், கைது செய்யப்பட்டு வழக்கை எதிர்கொள்ள நேரும். கடையில் வாங்கிய மசாலைத்தூளிலும் கசகசா கலந்திருக்கக்கூடும்; உறையில் அச்சிட்டுள்ள பட்டியலைப் பார்த்தல் அவசியம். வெற்றிலையும் ஐக்கிய அரபு நாடுகளில் விலக்கப்பட்டுள்ளது. மெல்லும் புகையிலையைச் சிங்கப்பூருக்குள் கொண்டுசெல்வது குற்றம்.

அரிசி விஷயத்தில் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் கண்டிப்பானவை. நம் களஞ்சியங்களில் காணப்படும் கப்ரா வண்டே இதற்குக் காரணம். இதன் புழு உணவின்றியே வருஷக்கணக்கில் சந்துகளில் உறங்கிக் கிடக்க வல்லது. இவ்வண்டு உள்ள தேசங்களிலிருந்து வரும் பிரயாணிகள் அரிசி கொண்டுவருவதை அமெரிக்கா 2011-ம் வருஷத்தில் தடுத்தது. ஆஸ்திரேலியா 2020-ம் வருஷம் அக்டோபர் மாதம் முதல் அரிசியோடு கொண்டைக்கடலை, துவரை, பயறு, நிலக்கடலை, கொத்தமல்லி, சீரகம், காய்ந்த மிளகாய் ஆகியவற்றையும் பிரயாணிகளின் மூட்டைகளில் விலக்கியது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019-ம் வருஷம் டிசம்பர் 14-ந் தேதி முதல் கனிகளுக்கும் செடிகளுக்கும் பயிர்நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, தேங்காய், தூரியான், வாழைப்பழம், பேரீச்சம்பழம் ஆகிய ஐந்துக்கு மட்டும் விலக்குண்டு.

கோயில் திருப்பணிக்கென்று ஊரின் பிடிமண்ணை முடிந்துசெல்வதும் உண்டு. மண்ணில் நூற்புழுவும் காளானும் வாழ்வதால், அநுமதியில்லாத மண்ணைப் பல தேசங்கள் ஏற்பதில்லை. ஐயமுள்ள பொருளை மறைக்காமல், இறங்கியவுடன் அதிகாரியிடம் அறிவித்துவிட்டால் பெரும்பாலும் பொருள் மட்டுமே போகும். மறைத்தவருக்கு அபராதமும் சேரும்.

திரும்பி வரும்போது

நம் நாட்டில் பயிர்களுக்குக் கேடு விளைக்கும் பூச்சிகளையும் நோய்களையும் தடுக்கும் சட்டம் 1914-ம் வருஷத்திலேயே இயற்றப்பட்டது. அதன்கீழ் 2003-ம் வருஷத்தில் பிறந்த பயிர்த் தொற்றுத் தடுப்பு ஆணையின்படி, விதை, கன்று, ஒட்டு, கிழங்கு முதலிய நடவுப் பொருள்களைக் கொண்டுவர முன்னதாகவே இறக்குமதி அநுமதியும், புறப்படும் நாட்டின் பயிர்நலச் சான்றிதழும் வேண்டும். சுங்கச் சாவடியில் பச்சை வழி, அறிவிக்க ஒன்றுமில்லாதவருக்கு. விதையோ செடியோ உடையவர் சிவப்பு வழியிலேயே செல்லுதல் வேண்டும்.

இதன் அவசியத்தைத் தமிழ்நாட்டுக் குடியானவர் அநுபவத்தில் அறிந்துள்ளனர். வாழையின் முடிக்கொத்து நோய் 1940-ம் வருஷத்தை ஒட்டி இலங்கையிலிருந்து கேரளத்துக்குள் நுழைந்ததாகக் கருதப்படுகிறது. நோயுற்ற கன்றாலும் அசுவுணியாலும் பரவி, பழனி மலைச்சாரலின் விருப்பாட்சித் தோட்டங்களை அது பெரிதும் அழித்தது. மெக்ஸிக்கோவைப் பிறப்பிடமாகக் கொண்ட பப்பாளி மாவுப்பூச்சி 2008-ம் வருஷத்தில் கோயமுத்தூரில் தென்பட்டு, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி ஆகியவற்றைச் சூறையாடியது. 2010-ம் வருஷத்தில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்து விட்ட பின்னரே அது அடங்கிற்று. மரவள்ளிக்குரிய வேறொரு மாவுப்பூச்சி 2020-ம் வருஷத்தில் திருச்சூரில் காணப்பட்டு, சேலம் பக்கத்து மரவள்ளிக்கும் பரவியது. அதற்கும் ஆப்பிரிக்காவிலுள்ள பெனின் தேசத்திலிருந்து குளவி கொண்டுவர வேண்டியதாயிற்று.

இப்போது உலகெங்கும் வாழைக்காரரை அச்சுறுத்துவது பனாமா வாடல் நோயின் நான்காம் வெப்பமண்டல வகை. இது மண்ணில் பல வருஷங்கள் தங்குவது, மருந்தால் தீராதது. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்திலும் இது ஏற்கெனவே புகுந்துவிட்டது. காவேரிப் பாசனத்து வாழைக்கொல்லை உடையவர், அயல்நாட்டிலிருந்து ஒரு கிழங்கையும் மறைத்துக் கொண்டுவரலாகாது. புதிய ரகம் வேண்டுவோர், 1993-ம் வருஷத்தில் திருச்சியில் ஏற்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி நிலையத்தாரைக் கலந்து, நோயற்ற திசுவளர்ப்புக் கன்றுகளைப் பெறலாம்.

பெட்டி காணாமற்போனால்

ஒப்படைத்த பெட்டி வந்து சேராவிட்டால், நிலையத்தை விட்டு வெளியேறுமுன் கம்பெனியாரிடம் எழுத்துமூலம் புகார் கொடுத்து, எண்ணிட்ட ரசீது பெறுதல் வேண்டும். 1999-ம் வருஷத்து மாண்ட்ரியல் ஒப்பந்தத்தில் இந்தியா 2009-ல் சேர்ந்தது. அதன்படி, பெட்டி சேதமடைந்திருந்தால் பெற்ற 7 நாட்களுக்குள்ளும், தாமதமாக வந்திருந்தால் 21 நாட்களுக்குள்ளும் எழுத்தில் முறையிட வேண்டும். தவணை கடந்தால் உரிமை போகும். பாஸ்போர்ட்டு, நிலப்பத்திரம், நகை, மருந்து ஆகியவற்றை ஒப்படைக்கும் பெட்டியில் ஒருபோதும் வைக்கலாகாது.

கிராம அதிகாரிகள் செய்யத்தக்கது

வெளிநாடு செல்வோர் பல்வேறு சான்றுகளுக்காகக் கிராம நிர்வாக அலுவலரையும் ஊராட்சித் தலைவரையும் நாடுகின்றனர். அச்சமயத்தில் கசகசா, கொப்பரை, கற்பூரம், வெற்றிலை, விதை ஆகியவற்றைப் பற்றி ஒரு வார்த்தை எச்சரிப்பது பேருதவியாகும். பிறர் கொடுத்தனுப்பும் பொட்டலத்தைப் பிரித்துப் பாராமல் ஏற்கலாகாதென்பதையும் வற்புறுத்த வேண்டும். பெட்டியிலுள்ள பொருளுக்குப் பெட்டிக்குரியவரே பொறுப்பாளி. தெரிந்தவர் தந்தது என்ற சமாதானம் அந்நிய நாட்டு நீதிமன்றத்தில் எளிதில் செல்லாது. தோட்டத்தில் புதுவிதப் பூச்சியோ வாடலோ தென்பட்டால், செடியைப் பிடுங்கி ஊரெங்கும் காட்டித் திரியாமல், உடனே வட்டார வேளாண்மை அலுவலருக்கு அறிவித்தல் வேண்டும்.

பிள்ளைக்கு விளைபொருள் கொண்டுசெல்லும் ஆசை தவறானதன்று. எந்தப் பொருள் எந்தப் பெட்டியில், எந்த நாட்டுக்குச் செல்லும் என்பதைப் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே கம்பெனியாரிடமும் அந்நாட்டுத் தூதரகத்திலும் கேட்டறிந்தால், அவ்வாசையும் நிறைவேறும். பிரயாணமும் இடரின்றி முடியும்.