வெள்ளிக்கிழமை மூன்று மணி

புதுக்கோட்டை மாவட்டத்து வல்லத்திராக்கோட்டைப் பக்கம் வெள்ளிக்கிழமைக்கு உரிமை கொண்டாட ஆள் அதிகம். காலையில் சாணம் தெளித்துக் கோலம் போடும்போதே அது அம்மனுடைய நாள் ஆகிவிடுகிறது. உச்சிப்பொழுது தாண்டினால் ஜும்மா. கிறிஸ்தவக் குடும்பங்களுக்கோ இயேசு சிலுவையில் உயிர்விட்ட கிழமை. தவக்காலத்தில் கத்தோலிக்கர் வீட்டு அடுப்பில் அன்று கறி ஏறாது. கறிக்கடைக்காரருக்கு வாரத்தில் வியாபாரம் படுத்துவிடும் நாள் எது என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

அந்த வெள்ளிகளில் மார்ச் மாதத்து முதல் வெள்ளிக்குத் தனிக் கணக்கு உண்டு. தேதி ஒன்றிலிருந்து ஏழுக்குள் வரும் என்பதால் எந்த ஆண்டானாலும் அது மாசி மாதத்தில்தான் விழும். புதுக்கோட்டைக்காரர்களுக்கு மாசி என்றால் திருவப்பூர் முத்துமாரியம்மன், பூச்சொரிதல், பால்குடம். 2025 மார்ச் 7, 2026 மார்ச் 6 ஆகிய இரண்டு முதல் வெள்ளிகளும் ரமலான் மாதத்திலும் விழுந்தன, தவக்காலத்திலும் விழுந்தன. மாரியம்மனுக்கு விரதம், ரமலானுக்கு நோன்பு, தவக்காலத்துக்கு ஒருசந்தி. ஒரே பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் மூன்று விதமான பட்டினி உட்கார்ந்து போயிருக்கும்.

மார்ச் முதல் வெள்ளியைச் சீர்திருத்தச் சபைப் பெண்கள் உலக ஜெப நாள் என்று அனுசரிக்கிறார்கள். சபைகளின் பெண்கள் ஐக்கிய சங்கங்கள் நடத்துவது. ஆண்கள் வரலாம், வந்தால் பின் இருக்கை. ஆயர் அன்று சபையோரில் ஒருவர். வேத வாசிப்பும் ஜெபமும் செய்தியும் காணிக்கை எடுப்பதும் பெண்கள் கையில். தென்னிந்தியத் திருச்சபைக்கு முதல் பெண் பேராயர், நந்தியால் புஷ்பலலிதா, வந்தது 2013இல்தான். அதற்குப் பல காலம் முன்பிருந்தே ஆண்டுக்கு ஒரு பிற்பகல் பீடத்துப் பக்கம் பெண்களுக்கு என்று இருந்தது. ஒரு பிற்பகல் போதுமா என்று கேட்டால் போதாதுதான்.

இந்த நாளுக்கு ஊர் அமெரிக்கா. 1887இல் மேரி எலன் ஃபேர்சைல்டு ஜேம்ஸ் என்ற பிரெஸ்பிட்டேரியன் பெண்மணி, ஏழு பிள்ளைகளுக்குத் தாய், குடியேறிகளாக வந்து நாட்டுக்குள்ளேயே அல்லற்படுவோருக்காகப் பெண்கள் ஒரு நாளை ஒதுக்கி ஜெபிக்க வேண்டும் என்று அழைத்தார். அடுத்த சில ஆண்டுகளில் பாப்டிஸ்ட் பெண்கள் இருவர், ஹெலன் பேரட் மாண்ட்கோமரியும் லூசியும், கடல் கடந்த ஊழியங்களுக்காக இன்னொரு நாளை வைத்தார்கள். 1922இல் அமெரிக்கா, கனடா இரு நாட்டுப் பெண்களும் தவக்காலத்து முதல் வெள்ளி என்று ஒன்றுபட்டார்கள். 1927இல் அது உலக நாள் ஆயிற்று.

அந்த லூசியிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். ஏனென்றால் அவர் சென்னையில் குடியிருந்தவர்.

லூசி மக்கில், கணவர் நார்மன் வாட்டர்பரியோடு 1881இல் கப்பலேறியபோது அவருக்கு இருபது வயது. சென்னையில் தெலுங்கு பேசும் மக்களிடையே ஊழியம். 1886இல் கணவர் இங்கேயே இறந்துபோனார். இருபத்தைந்து வயதில் கைம்பெண், கையில் சிறு பிள்ளைகள், அந்நிய ஊர். பிள்ளைகளோடு ஊர் திரும்பினார். பின்னாளில் மறுமணம் செய்து லூசி பீபாடி என்று பெயர் பெற்றார். சென்னையில் வாழ்ந்த அந்த ஐந்து ஆண்டுகள் அவரை விடவில்லை என்பதற்கு, அடுத்த நாற்பது ஆண்டுகள் அவர் செய்த வேலையே அத்தாட்சி.

1915இல் இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா நாடுகளின் பன்னிரண்டு மிஷன் சங்கங்கள் சேர்ந்து சென்னையில் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியைத் தொடங்கின. மாணவிகள் 41 பேர், ஆசிரியர்கள் ஏழு பேர். 1918இல் வேலூரில் ஐடா ஸ்கடர் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். ஆண் மருத்துவர் தொடக்கூடாது என்று மூன்று வீடுகளில் மறுக்க, பிரசவ வேதனையில் ஒரே இரவில் மூன்று பெண்கள் இறந்ததே அவரை மருத்துவராக்கியது என்ற திண்டிவனத்துக் கதையை வேலூரில் இன்றும் சொல்வார்கள். இரண்டு இடங்களுக்கும் கட்டடம் போதவில்லை, பணம் போதவில்லை. இந்தியா, சீனா, ஜப்பான் மூன்று நாடுகளிலுமாக இப்படி ஏழு பெண்கள் கல்லூரிகள் தவித்தன. பெண்கள் 20 லட்சம் டாலர் திரட்டினால் மேலே 10 லட்சம் தருகிறோம் என்றது ராக்ஃபெல்லர் குடும்பத்து நிதியம் ஒன்று. அந்தப் பிரசாரத்துக்குத் தலைமை ஏற்றவர் லூசி பீபாடி. 1923 பிறந்த கையோடு இலக்கு எட்டப்பட்டது. அந்தக் காலத்து ஜெப நாள் காணிக்கையிலும் ஒரு பங்கு இந்தக் கல்லூரிகளுக்குப் போயிற்று.

ஆகவே ஒரு நாளை ஒதுக்கி முழங்காலில் நின்றால் என்ன கிடைக்கும் என்று கேட்பவருக்குச் சென்னை கல்லூரிச் சாலையில் ஒரு வளாகத்தையும் வேலூரில் ஒரு மருத்துவமனையையும் காட்டலாம். ஜெபத்தின் பலனா, காணிக்கைத் தட்டின் பலனா என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. அந்தப் பெண்கள் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. அறிந்து ஜெபி, ஜெபித்துச் செய் என்ற கருத்தில்தான் இன்றும் இந்த நாளின் முழக்கம் இருக்கிறது.

இதில் புதுக்கோட்டைக்காரர்களுக்கு ஒரு துணைக்கதை உண்டு. லூசியின் கணவர் சென்னையில் இறந்த அதே 1886இல்தான் புதுக்கோட்டையில் முத்துலட்சுமி ரெட்டி பிறந்தார். மகாராஜா கல்லூரியில் பையன்களுக்கு நடுவே அவரைச் சேர்ப்பதற்கு எழுந்த எதிர்ப்பையும், மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் இடம் கொடுத்ததையும் இந்த மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள். 1912இல் அவர் மருத்துவப் பட்டம் பெற்றபோது பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியும் இல்லை, வேலூர்ப் பள்ளியும் இல்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு மன்னரின் தயவு தேவைப்படவில்லை.

ஜெப நாள் நடக்கும் விதம் சுவையானது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு நாட்டுப் பெண்கள் ஆராதனை முறைமையை எழுதுகிறார்கள். உலகம் முழுவதும் அதையே அவரவர் மொழியில் படிக்கிறார்கள். 2023இல் தைவான், 2024இல் பாலஸ்தீனம், 2025இல் குக் தீவுகள், 2026இல் நைஜீரியா. குக் தீவுகள் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் தேடிய பெண்கள் புதுக்கோட்டைச் சீமையிலும் இருந்திருப்பார்கள். பசிபிக் தீவுகளில் விடியும்போது தொடங்கும் ஜெபம் சூரியனோடு மேற்கே நகர்ந்து வந்து நம் ஊரில் பிற்பகல் மூன்று மணிக்கு நிற்கிறது. காலைச் சமையலும் பள்ளிக்கூட அவசரமும் முடிந்து, மாலை வேலை தொடங்காத நேரம்.

வேதம் கற்ற பெரியவர்கள் சிலருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. நல்ல நாள், கெட்ட நாள் பார்ப்பதை விட்டு வந்தவர்கள் நாம், அப்படியிருக்க ஒரு நாளைப் பிடித்துக்கொண்டு நிற்கலாமா? கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் பவுலும் நாள் பார்ப்பவர்களைக் கடிந்துகொண்டவர்தானே? நியாயமான கேள்வி. ஆனால் நாள் பார்ப்பது வேறு, நாள் ஒதுக்குவது வேறு. பார்க்கிற நாள் நமக்கு நன்மை தரும் என்று எதிர்பார்க்கிறோம். ஒதுக்குகிற நாளில் நாம்தான் எதையாவது இழக்கிறோம்.

இழப்புக்கு இங்கே கணக்கும் உண்டு. நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26க்கு நிர்ணயித்த கூலி நாளுக்கு 336 ரூபாயாக இருந்தது. வருகையைக் கைப்பேசிச் செயலியில் நாளுக்கு இரண்டு முறை படம் பிடித்து ஏற்றினார்கள். இரண்டாவது படத்தில் முகம் இல்லையென்றால் கூலிக்குச் சிக்கல். பெரிய ஊர்களில் ஜெப நாள் என்றால் விடுப்புக் கடிதம். கிராமத்தில் அது ஒரு நாள் கூலி. நகரத்துச் சங்கங்கள் அச்சடித்து அனுப்பும் முறைமைப் புத்தகத்தில் ஏழைப் பெண்களுக்காக ஒரு ஜெபம் எப்போதும் இருக்கும். அந்த ஏழைப் பெண் வந்து உட்காரத் தோதான நேரமா அது என்று யோசித்தவர்கள் எத்தனை பேர் என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு ஜெப நாளையும் நடத்திவிடும் சபைகளைக் குறை சொல்ல நான் தயாரில்லை.

கத்தோலிக்கர் பக்கம் இந்தச் சீமையில் வேர் இன்னும் ஆழம். விராலிமலைப் பக்கத்து ஆவூரில் பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பூஷே பாதிரியார் கோயில் எழுப்பினார். வீரமாமுனிவர் அங்கே பணியாற்றியிருக்கிறார். இப்போதுள்ள பெரிய கோயில் 1747இல் எழுந்தது. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அங்கே பாஸ்கா நாடகமும் தேரும் உண்டு. அவர்களுக்கு மாதத்தின் முதல் வெள்ளி ஒவ்வொன்றும் இயேசுவின் திரு இருதயத்துக்கு ஒதுக்கிய நாள். 1969இல் உலகளவில் கத்தோலிக்கப் பெண்கள் அமைப்புகளும் ஜெப நாளோடு சேர்ந்தன. தவக்காலத்து முதல் வெள்ளி மார்ச் முதல் வெள்ளியாக மாறியதும் அப்போதுதான். நம் ஊரில் ஒருவர் ஜெபம் என்பார், மற்றவர் செபம் என்பார். ஓர் எழுத்து வேறுபாட்டைத் தாண்டி ஒரே கூரையின் கீழ் வந்து உட்காருவது சில ஊர்களில் நடக்கிறது, பல ஊர்களில் இல்லை.

நைஜீரியப் பெண்கள் 2026க்கு எடுத்துக்கொண்டது மத்தேயு பதினோராம் அதிகாரத்தில் சுமை தாங்காமல் ஓய்ந்தவர்களைக் கூப்பிடும் பகுதி. தண்ணீர்க் குடம், விறகுக் கட்டு, புல்லுக் கட்டு என்று தலையில் எதையாவது வைத்துக்கொண்டே நடந்தவர்களுக்கு அதற்கு விளக்கவுரை தேவையில்லை. பிரசங்கம் நீண்டால் மட்டும் பின் வரிசையில் ஒரு சலசலப்பு கிளம்பும். மூன்று மணிக்குத் தொடங்கியதை ஐந்துக்குள் முடித்தாக வேண்டும். மாடு கறக்க வேண்டும், பால் வண்டி வந்துவிடும்.