விழியில் தெரியும் முதுமை

மதுரையிலிருந்து திருச்சி செல்லும் நெடுஞ்சாலையில், மேலூரைக் கடந்தால் கொட்டாம்பட்டி வரும். அவ்வூரில் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதியவர் ஒருவரிடம் பார்வை எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். “எல்லாம் புகைமூட்டமாய்த் தெரிகிறது தம்பி, வயதாகிவிட்டதல்லவா?” என்பார். மாணவர்களே, வயதாவது என்றால் என்ன? அந்தப் புகைமூட்டத்திலேயே விடையின் ஒரு பகுதி இருக்கிறது.

நம் உடலில் தேய்மானமும் பழுதுபார்த்தலும் ஓயாமல் நடைபெறுகின்றன. இரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாட்களில் மாய்கிறது. அதனிடத்தில் புதியது பிறக்கிறது. உயிரணுவினுள் கெட்டுப்போன புரதங்கள் அகற்றப்பட்டுப் புதியவை ஆக்கப்படுகின்றன. புரதங்களை ஆக்கும் ரைபோசோம் என்னும் நுண்பட்டறையின் அமைப்பை ஆராய்ந்தமைக்காகவே, சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009இல் வேறு இருவருடன் நோபல் பரிசு பெற்றார். இளமையில் பழுதுபார்த்தல் தேய்மானத்துக்கு ஈடுகொடுக்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்லப் பின்தங்குகிறது. முதுமைக்குக் காரணங்கள் பல உண்டெனினும் இப்பின்தங்கல் அவற்றுள் தலையாயது.

விழிவில்லையின் நடுப்பகுதியிலோ புதுப்பிக்கும் வேலை அறவே இல்லை. ஒளி தடையின்றிச் செல்லும்பொருட்டு, அங்குள்ள அணுக்கள் தம் உட்கருவையும் ரைபோசோம்களையும் இழந்துவிடுகின்றன. ஆகவே நாம் பிறக்குமுன் அங்கே உண்டான புரதமே எண்பது வயதிலும் இருக்கிறது. தெளிவுக்காக இயற்கை கொடுத்த விலை அது! வெயிலின் புறஊதாக் கதிர்களும் பிராணவாயுவின் வினையும் அப்புரதத்தைச் சிறிது சிறிதாக உருக்குலைக்கின்றன. ஆல்ஃபா கிரிஸ்டலின் என்னும் காவற்புரதம் அவை ஒன்றாய்த் திரளாதபடி பிடித்து நிறுத்துகிறது. அக்காவலும் தளர்ந்தபின், வேகும் முட்டையின் வெண்கருவைப்போல் வில்லை மங்குகிறது. அதுவே கண்புரை.

இதைத் தாமதப்படுத்த இயலுமா? ஓரளவு இயலும். புகைபிடிக்காமை, நீரிழிவைக் கட்டுக்குள் வைத்தல், கடும்வெயிலில் கண்ணுக்கு நிழல் தேடுதல் ஆகியவை துணைசெய்யும். சொட்டுமருந்தால் புரையைக் கரைப்பதாகக் கூறுவோரை நம்ப வேண்டாம்.

வந்த புரைக்கு அறுவையே வழி. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் கோணிய விரல்களைக் கொண்டே அவர் அறுவை செய்தார் என்பது நினைக்கத்தக்கது. மங்கிய வில்லையை நீக்கிவிட்டுப் பொருத்தும் செயற்கை வில்லைகளை, 1992இல் நிறுவப்பட்ட ஆரோலாப் மதுரையிலேயே குறைந்த விலைக்குச் செய்கிறது.

புரை நன்றாக முற்றட்டும் என்று காத்திருப்பது பழைய வழக்கம். இன்று அதற்குத் தேவையில்லை. காலந்தாழ்ந்தால் அறுவைதான் கடினமாகும். உங்கள் பாட்டனார் அவ்வாறு காத்திருந்தால், இன்றே அவரிடம் சொல்லுங்கள்.