கயிற்றின் கீழ்முனை

தூத்துக்குடிக் கரையில் முத்துக்குளித்த காலத்தில், காலில் கல்லோடு கடலுக்குள் இறங்கியவனின் உயிர் தோணியில் நின்றவன் பிடித்த கயிற்றில் இருந்தது. கயிறு பிடிப்பவன் மச்சானாகத்தான் இருக்க வேண்டும் என்பார்கள். தங்கச்சி தாலியை நினைத்தாவது விடமாட்டான் அல்லவா? மச்சானின் பாசத்தை எல்லாரும் பேசுகிறோம். எப்போது மேலே வருவது என்று முடிவுசெய்தவன் கீழே இருந்தவன் என்பதை மறந்துவிடுகிறோம். அவன் சுண்டினான், இவன் இழுத்தான். 1961-ஓடு முத்துக்குளிப்பு நின்றுபோனது. ஆனால் உடல் முடங்கிய முதியவர்களை வீட்டில் பார்த்துக்கொள்வது பற்றி யோசித்தால் அந்தக் கயிறுதான் நினைவுக்கு வருகிறது.

பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன உப்பளத் தொழிலாளி ஒருவரை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் பாத்தியில் இறங்கிப் பழகிய உடம்பு. இப்போது மருமகளுக்குக் கை ஒழியும் பதினொரு மணிக்குத்தான் குளியல். சாளைக் குழம்பா, ரசமா என்று யாரும் கேட்பதில்லை. எல்லாம் வேளாவேளைக்கு நடக்கிறது, அவரைக் கேட்டு எதுவும் நடப்பதில்லை. மனம் சோர்ந்துபோக இதுவும் ஒரு காரணம். 2017-18-இல் நடந்த தேசிய முதியோர் ஆய்வில், அறுபதைக் கடந்தவர்களில் 8.3 சதவீதத்தினரிடம் கடும் மனச்சோர்வின் அறிகுறிகள் தெரிந்தன. மருத்துவர் கண்டறிந்ததாகச் சொன்னவர்கள் 0.8 சதவீதம்தான். மிச்சப்பேரை “வயசாயிட்டுல்லா, அப்படித்தான் இருக்கும்” என்று வீடு விட்டுவிடுகிறது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் மாத்திரையையும் இயன்முறை சிகிச்சையையும் வாசலுக்குக் கொண்டுவந்தது. பெரிய காரியம்தான். ஆனால் உதவிக்கு யார் வருவது, எத்தனை மணிக்கு, என்ன செய்ய என்பதை முதியவரே சொல்லவும், அதற்கான பணம் அரசிடமிருந்து அவர் பெயரில் வரவும் வேண்டும். ‘மகன் வாங்கிக் குடித்துவிடுவான்’ என்பார்கள். நியாயமான பயம். அமெரிக்காவில் ஆர்கன்சா உள்ளிட்ட மூன்று மாநிலங்கள் 1998 முதல் இதைச் சோதித்தன. கணக்குப் பார்க்கவும் ஆலோசனை சொல்லவும் ஆள் வைத்தார்கள். மோசடி அரிதாகவே இருந்தது. கவனிப்பாரின்றிக் கிடந்த தேவைகள் குறைந்தன, உடல்நலமும் கெடவில்லை. பலர் சொந்தக்காரர்களையே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். சும்மா உழைத்த மருமகளுக்குக் கூலி கிடைப்பதில் என்ன தப்பு?

இதைவிட வலுவான கேள்வி வேறு. மனச்சோர்வு முதலில் தின்பதே விருப்பத்தை. எதுவும் வேண்டாம் என்பவரிடம் என்ன வேண்டும் என்று கேட்பது கொடுமையில்லையா? அதனால்தான் மருந்தும் மனநல ஆலோசனையும் கட்டாயம். இந்த ஏற்பாடு அவற்றுக்கு மாற்றல்ல. முழுப் பொறுப்பையும் ஒரே நாளில் தலையில் சுமத்தவும் வேண்டாம், குளிக்கிற நேரத்தில் தொடங்கலாம். விடிகாலை ஆறு மணிக்கு வெந்நீர் வேண்டும் என்று அவர் சொன்னால், ஆறு மணிக்கு ஓர் ஆள் வர வேண்டும். கடுமையாகப் பாதிக்கப்பட்ட மாற்றுத்திறனாளிக்கு 2023-இல் அரசு தந்த மாதம் 2,000 ரூபாய் அந்த ஆளின் கூலிக்குக் காணாது.