தண்ணீராக ஓடும் ஆயில்: மும்பைக் கார்களுக்குப் போதுமா?

மாருதி சுசுகி, ஹோண்டா, டொயோட்டா ஆகியவற்றின் அண்மைக்காலப் பெட்ரோல் கார்கள் பலவற்றின் கையேடுகள் 0டபிள்யூ-20, சிலவற்றில் 0டபிள்யூ-16 ஆயிலைக் கேட்கின்றன. பிரீமியர் பத்மினி டாக்சிகளின் காலத்துக் கெட்டியான 20டபிள்யூ-40க்குப் பழகிய மும்பைவாசிகள், தண்ணீராக ஓடும் இந்த ஆயில் எஞ்சினை எப்படிக் காக்கும் என்று ஐயுறுவது இயல்பே.

‘டபிள்யூ’ குளிர்காலத்தைக் குறிப்பது. அதற்கு முன்னுள்ள எண், கடுங்குளிரில் எஞ்சினைக் கிளப்பும்போது ஆயில் எவ்வளவு எளிதாக இளகும் என்பதைக் காட்டுவதால், மும்பையின் செம்பூரில் அதற்கு வேலை குறைவு. பின்னுள்ள எண் 100 டிகிரி செல்சியஸில் உள்ள பாகுத்தன்மையை, அதாவது திரவம் ஓட்டத்துக்குக் காட்டும் தடையைக் குறிக்கிறது. ஆயினும் பாதுகாப்பை நேரடியாக உணர்த்துவது வேறோர் அளவு: 150 டிகிரியில், வேகமாக நகரும் இரு பரப்புகளுக்கிடையே நசுங்கும்போதும் ஆயிலில் எஞ்சியிருக்கும் பாகுத்தன்மை. மில்லிபாஸ்கல்-வினாடி என்னும் அலகில் அது 16 தரத்துக்குக் குறைந்தது 2.3, 20க்கு 2.6, 30க்கு 2.9, 15டபிள்யூ-40க்கு 3.7 இருக்க வேண்டும்.

சுழலும் கிராங்க் ஷாஃப்ட், பேரிங்குக்குள் ஆயிலை இழுத்துக்கொண்டு, தலைமுடியைவிட மெல்லிய படலத்தின் மேல் மிதக்கிறது. இடைவெளியும் பரப்பின் வழவழப்பும் அதற்கேற்ப வடிவமைக்கப்பட்ட எஞ்சினுக்கு 2.6 போதும். கிளப்பும்போதும் நிறுத்தும்போதும் படலம் அறுகிற கணங்களில், ஆயிலில் கலந்த துத்தநாக, பாஸ்பரஸ் சேர்மங்கள் உலோகத்தின்மீது காப்புப் பூச்சாகப் படிகின்றன.

எனினும் ஆயில் மெலிந்தது எஞ்சினின் நலத்துக்காக அன்று, எரிபொருள் சிக்கனத்துக்காகவே என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரிக் கரியமில வாயு வெளியேற்றத்துக்கு, 2022-23 முதல் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 113 கிராம் என்று இலக்கை இந்தியா இறுக்கியபின், உராய்வில் மிச்சமாகும் சிறு அளவும் நிறுவனங்களுக்கு மதிப்புடையதாயிற்று. அதற்கு ஈடாகக் குறைந்தது, பிழை பொறுக்கும் இடம். 2025 ஏப்ரலில் ஜெனரல் மோட்டார்ஸ், 6.2 லிட்டர் வி8 எஞ்சின் பூட்டிய வண்டிகளைத் திரும்ப அழைத்தபோது, மூலப் பழுது கிராங்க் ஷாஃப்ட், கனெக்டிங் ராட் ஆகியவற்றின் தயாரிப்பில் இருந்தும், சோதனையில் தேறிய எஞ்சின்களுக்கு 0டபிள்யூ-20ஐ நீக்கி 0டபிள்யூ-40 ஊற்றச் சொன்னது இதையே காட்டுகிறது.

மும்பை வெயிலுக்குக் கெட்டி ஆயில் வேண்டும் என்ற வாதம் வலுவற்றது. வெளியே 25 டிகிரியானாலும் 35 ஆனாலும் எஞ்சினின் வெப்பத்தைத் தெர்மோஸ்டாட் ஏறத்தாழ ஒரே அளவில் நிறுத்துகிறது. நகரின் உண்மையான சோதனை நெரிசல். மணிக்குச் சராசரி 60 கிலோமீட்டரில் ஓடும் கார் 10,000 கிலோமீட்டரை 167 மணி நேரத்தில் முடிக்க, தாராவி 90 அடிச் சாலையிலும் சயான் சிக்னலிலும் நின்று நின்று, சராசரி 20இல் ஊரும் கார் அதற்கு 500 மணி நேரம் எடுக்கிறது. மீட்டர் காட்டும் தூரம் ஒன்றே என்றாலும் ஆயில் மும்மடங்கு உழைத்திருக்கிறது. மாட்டுங்காவுக்குள்ளேயே முடியும் குறும்பயணங்களில் எஞ்சின் முழுச்சூடு அடையாததால், எரியாத பெட்ரோல் ஆயிலில் கசிந்து அதை இன்னும் நீர்க்கச் செய்கிறது. ஏற்கெனவே மெல்லியதாக இருக்கும் ஆயிலுக்கு இந்த இழப்பைத் தாங்கும் வலு குறைவு. ஆகவே இந்நகரில் ஆயிலின் தரத்தைவிட, அதை மாற்றும் காலமே முதலில் கவனிக்கத்தக்கது: கையேடுகள் கடும் பயன்பாட்டுக்கெனத் தனியே தரும் குறுகிய இடைவெளி மும்பைக்கே பொருந்தும்.

கையேடு 5டபிள்யூ-30ஐயும் அனுமதித்தால், முழுப் பாரத்துடன் மலைச்சாலை ஏறும் காருக்கு அதை ஊற்றுவதில் தவறில்லை. 20டபிள்யூ-40க்குத் தாவுவது அப்படியன்று. வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் கருவி ஆயில் அழுத்தத்தால் இயங்குவதால், குறுகிய துளைகளில் கெட்டி ஆயில் தயங்கினால் அது பிசகும். எந்த ஆயிலானாலும், அதன் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக்கை மாதம் ஒருமுறை உருவிப் பார்க்க வேண்டும். மட்டம் குறைந்திருந்தால் ஆயிலை ஊற்றி நிரப்ப வேண்டும்; ஊற்றாமலே உயர்ந்து பெட்ரோல் வாடை அடித்தால், குறித்த தேதிக்குக் காத்திராமல் ஆயிலை மாற்றிவிட வேண்டும்.