ஓட்டு போடும் நாள் அல்ல, முடிவு சொல்லும் நாள்தான் ஆபத்து! வெளிநாட்டு தேர்தல் கலவரத்தில் நம்மவர்கள் தப்புவது எப்படி?

பிழைப்புக்காக வெளிநாடு போனவர்களுக்கு அந்த ஊர் தேர்தலில் ஓட்டு கிடையாது. அவர்கள் கொடி பிடிப்பதும் இல்லை, கோஷம் போடுவதும் இல்லை. ஆனால் கலவரம் வெடித்தால் அவர்கள் கடையும் எரிகிறது. அவர்கள் போகும் ரோட்டிலும் கல் விழுகிறது.

2007-ம் ஆண்டு கென்யா நாட்டில் நடந்ததே இதற்கு சாட்சி.

அமைதியாக நடந்த ஓட்டுப்பதிவு

கிழக்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது கென்யா. அங்கே 27-12-2007 அன்று ஜனாதிபதி தேர்தல் நடந்தது. பதவியில் இருந்த கிபாகியும் எதிர்க்கட்சி தலைவர் ரைலா ஒடிங்காவும் மோதினார்கள். மக்கள் நீண்ட கியூவில் நின்று அமைதியாக ஓட்டு போட்டனர்.

எண்ணிக்கை தொடங்கியபோது ஒடிங்கா முன்னணியில் இருந்தார். நேரம் ஆக ஆக வித்தியாசம் குறைந்தது. முடிவும் தாமதம் ஆனது. ஊரெல்லாம் வதந்தி கிளம்பியது.

30-ந்தேதி மாலை, சுமார் 2 லட்சத்து 30 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் கிபாகி ஜெயித்ததாக அறிவித்தார்கள். சூட்டோடு சூடாக அன்று மாலையே அவர் பதவி ஏற்றார். டெலிவிஷன், ரேடியோ நேரடி ஒலிபரப்புக்கு அரசு தடை போட்டது.

அவ்வளவுதான். அடிதடி, வெட்டு, குத்து, துப்பாக்கி சூடு என்று நாடே அமளி துமளி ஆனது. 1-1-2008 அன்று எல்டோரெட் நகருக்கு அருகே சர்ச்சில் தஞ்சம் புகுந்தவர்களை உள்ளே வைத்து தீ வைத்தார்கள். பெண்களும் குழந்தைகளும் கருகினர்.

கலவரத்தில் 1,133 பேர் பலியானதாக விசாரணை கமிஷன் சொன்னது. வீடு வாசலை இழந்தவர்கள் 3½ லட்சத்துக்கும் மேல்.

இந்தியர் கடைகள் சூறை

விக்டோரியா ஏரிக்கரையில் இருக்கும் கிசுமு நகரம் ஒடிங்காவின் கோட்டையாக இருந்தது. அங்கே இந்திய வம்சாவளியினர் கடைகள் நிறைய உண்டு.

வெள்ளைக்காரர் காலத்தில், 1896 முதல் 1901 வரை, மொம்பாசா துறைமுகத்தில் இருந்து இந்த ஏரிக்கரை வரை ரெயில் பாதை போட்டார்கள். அந்த வேலைக்கு இந்தியாவில் இருந்து சுமார் 32 ஆயிரம் கூலிகள் கொண்டு போகப்பட்டனர். பாதையை ஒட்டி இந்திய வியாபாரிகளும் கடை வைத்தார்கள். பெரும்பாலோர் குஜராத்தி, பஞ்சாபிக்காரர்கள். பலர் கென்ய குடிமக்களாகவே ஆகிவிட்டார்கள்.

கும்பலின் கோபம் இவர்கள் மீது அல்ல. சண்டை உள்ளூர் இனங்களுக்குள்தான். ஆனால் கொள்ளை அடிக்க வந்தவனுக்கு எல்லா கடையும் ஒன்றுதானே! கடைகளை உடைத்து சாமான்களை அள்ளினார்கள். தீ வைத்தார்கள். பல வருஷ சம்பாத்தியம் சாம்பல் ஆனது.

பெட்ரோல் இல்லை, வழி இல்லை

கலவரம் நடக்காத தெருவில் இருந்தவர்களும் அவதிப்பட்டார்கள். கடைகள் மூடிக்கிடந்தன. செல்போன் ரீசார்ஜ் கார்டுக்கு தட்டுப்பாடு.

ரோட்டில் கல்லையும் மரத்தையும் போட்டு மறித்து, அடையாள அட்டையை வாங்கி ‘நீ எந்த இனம்?’ என்று கேட்டார்கள். பெட்ரோல் லாரிகள் போக முடியவில்லை. பக்கத்து நாடான உகாண்டாவிலும் பெட்ரோல் பஞ்சம்.

28-2-2008 அன்று சமரச ஒப்பந்தம் கையெழுத்தானது. முன்னாள் ஐ.நா. பொதுச்செயலாளர் கோபி அன்னான் நடுவில் நின்று முடித்துவைத்தார். இரண்டு மாதம் ஜனங்கள் பட்ட பாடு கொஞ்சம் அல்ல.

எத்தனை நாள் ஆபத்து?

ஓட்டு போட்ட நாளுக்கும் முடிவு வந்த நாளுக்கும் இடையே 2007-ல் 3 நாள். 2013-ல் 5 நாள். 2022-ல் 6 நாள். 2017-ல் முடிவு 3 நாளில் வந்தது. ஆனால் சுப்ரீம் கோர்ட்டு அந்த தேர்தலையே ரத்து செய்ததால் அக்டோபரில் மறுபடியும் ஓட்டுப்பதிவு!

முடிவு அறிவிக்க 7 நாள் வரை அங்கே சட்டம் இடம் தருகிறது. அதற்குப்பிறகு வழக்கு வந்தால் மேலும் 3 வாரம். அதுவரை உஷாராக இருக்க வேண்டியதுதான்.

என்ன செய்ய வேண்டும்?

* தேர்தலுக்கு ஒரு வாரம் முன்பே அரிசி, மாவு, குடிதண்ணீர், மருந்து, கியாஸ் வாங்கி வைக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு வரும்படி இருக்கட்டும். கையில் ரொக்கமும் போனில் பேலன்சும் அவசியம்.

* பாஸ்போர்ட்டையும் விசாவையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். இந்திய தூதரகத்தில் பெயரையும் வீட்டு விலாசத்தையும் முன்கூட்டியே பதிவு செய்யுங்கள்.

* லீவில் ஊருக்கு வர நினைத்தால் ஓட்டுப்பதிவுக்கு முன்பே கிளம்பி விடுங்கள். கலவரம் வந்தபிறகு ஏர்போர்ட் ரோடு திறந்திருக்கும் என்று நம்ப முடியாது.

* கட்சி நிறத்தில் சட்டை வேண்டாம். 2007-ல் ஒடிங்கா கட்சிக்கு ஆரஞ்சு நிறம். டாக்சி டிரைவரிடம் அரசியல் பேச்சும் வேண்டாம். கூட்டத்தை வேடிக்கை பார்ப்பதோ, போட்டோ எடுப்பதோ கூடவே கூடாது.

* வதந்தியை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். கலவரத்தை தூண்டும் எஸ்.எம்.எஸ். அனுப்பினால் வழக்கு பாயும் என்று 2008-லேயே கென்ய அரசு எச்சரித்தது.

* கடைக்காரர்கள் முடிவு வரும் முன்பே ஷட்டரை இறக்கி, கல்லாவை காலி செய்துவிட வேண்டும். சாதாரண தீ விபத்து பாலிசியில் அரசியல் கலவர நஷ்டம் சேராமல் இருக்கலாம். பாலிசியை இப்போதே எடுத்து படித்துப் பாருங்கள். கும்பல் வந்தால் சாமானை காப்பாற்ற எதிர்த்து நிற்காதீர்கள். உயிர்தான் முக்கியம்.

இங்கே இருக்கும் குடும்பத்தார் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. மகனோ மருமகனோ வேலை செய்யும் கம்பெனி விலாசம், முதலாளி போன் நம்பர், பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் மூன்றையும் தேர்தலுக்கு முன்பே கேட்டு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அவருடைய போன் கிடைக்காத நாளில் இந்த நம்பர்கள்தான் கைகொடுக்கும்.