ஆட்டுப்பாலின் புரதம்: இனத்துக்கு இனம் வேறு

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களில் 'பால்' என்னும் சொல் இரு பொருள் தந்து வழங்கிற்று. விடியற்காலையில் மரத்தைச் சீவி வாளியில் சேர்த்ததும் பால். லயத்தின் பின்புறம் கட்டிய மாட்டிலும் ஆட்டிலும் கறந்ததும் பால். ஒற்றுமை பெயரோடு நின்றுவிடவில்லை. மரப்பாலில் ரப்பர்த் துகள்கள் எதிர்மின்னூட்டம் பெற்று, ஒன்றையொன்று விலக்கி நீரில் மிதக்கின்றன. எறும்பமிலம் சேர்த்தால் அவ்விலக்கம் நீங்க, துகள்கள் கூடி உறைகின்றன. கறந்த பாலில் கேசீன் என்னும் புரதம் புளிப்பேறித் தயிராவதும் ஏறக்குறைய இம்முறையிலேதான். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேதியியல் கற்பிக்க இதனினும் நல்ல எடுத்துக்காட்டுக் கிடைப்பது அரிது.

ஆயினும் ஓர் ஆட்டின் பால் கெட்டியாக உறைய, மற்றோர் ஆட்டின் பால் கூழ்போல் நெகிழ்ந்து நிற்பதுண்டு. தீவனமும் பருவமும் ஓரளவு காரணமாகலாம். பெருங்காரணம் பிறப்பிலேயே அமைவது. கேசீனின் பிரிவுகளுள் ஒன்று ஆல்பா எஸ்-1. பசும்பாலில் இதுவே முதன்மையானது. ஆட்டுப்பாலிலோ பீட்டா கேசீன் மிகுந்து, ஆல்பா எஸ்-1 ஆட்டுக்கு ஆடு வேறுபடுகிறது. இவ்வேறுபாடு மெண்டல் விதிப்படி வழிவழி வருவது என்பதை 1987-இல் பிரான்சு நாட்டு அறிஞர் குரோக்லோடும் துணைவரும் நிறுவினர். தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக ஒவ்வோர் ஆடும் இரு மரபணுக்களைப் பெறுகிறது. ஏ, பி, சி எனும் வகைகள் ஒவ்வொன்றும் லிட்டருக்குச் சுமார் 3.6 கிராம் தரும். ஈ வகை 1.6 கிராம், எஃப் வகை 0.6 கிராம், ஓ வகை ஒன்றுமே தராது. எனவே இரண்டும் ஏ ஆன ஆடு லிட்டருக்கு 7 கிராமுக்கு மேல் தர, இரண்டும் எஃப் ஆனது ஒரு கிராமைச் சற்றே தாண்டும். பாலாடைக்கட்டி செய்வோருக்கு இது வருமானக் கணக்கு.

மலாயாவின் பழைய ஆடு 'காச்சாங்' எனப்படுவது. உடல் சிறியது, பால் தன் குட்டிக்கு அப்பால் மிஞ்சுவது சொற்பம். வட இந்தியாவின் எட்டாவாப் பகுதியிலிருந்து வந்த ஜமுனாபாரி, நெடிய காதும் உயர்ந்த உடலும் உடையது. இந்திய இனங்களில் ஏ, பி வகைகள் மிகுதி. சுவிட்சர்லாந்தின் சானன் வெள்ளாடு பால் அளவில் முதலிடம் பெறும். அதன் புரதமோ நூற்றுக்கு 3 அளவே. பிரான்சின் சானன், ஆல்பைன் மந்தைகளில் ஈ, எஃப் வகைகள் மலிந்திருந்தமையால், ஏ வகைக் கிடாக்களைத் தேர்ந்து அந்நாட்டார் இனத்தைத் திருத்தினர். ஆகவே இனப்பெயரை மட்டும் கேட்டுப் பாலை மதிப்பிடுதல் பொருந்தாது. ஒரே பட்டியில் இருவகை ஆடும் இருக்கக்கூடும்.

செம்பனை சூழ்ந்துவிட்ட பழைய தோட்டங்களிலும், ஈப்போ நகரிலும், 'பசும்பால் ஒவ்வாத குழந்தைக்கு ஆட்டுப்பால் கொடு' என்னும் பாட்டியர் சொல் எளிதில் மறைவதன்று. ஆல்பா எஸ்-1 குறைந்த பால் மென்மையாக உறைவது உண்மையே. ஆனால் பசும்பாலின் புரதம் ஒவ்வாத குழந்தைகளுள் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒவ்வாது. இரண்டின் கேசீன்களும் அத்துணை ஒத்தவை. ஓ வகை ஆட்டின் பாலிலும் பீட்டா கேசீன் இருக்கவே செய்கிறது. இதன்றி, ஆட்டுப்பாலில் ஃபோலிக் அமிலம் மிகக் குறைவு. அதனையே தனி உணவாகக் கொண்ட கைக்குழந்தைகளுக்கு இரத்தச்சோகை வந்ததை மருத்துவர்கள் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டு, 'ஆட்டுப்பால் சோகை' என்றே பெயரிட்டனர்.