உங்களுக்குத் தெரியுமா? பாட்டுக்குப் போட்ட பூட்டு

1982 அக்டோபரில் ஜப்பானில் இசை சிடி விற்பனைக்கு வந்தபோது அதில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு எதுவும் இல்லை. பிலிப்ஸும் சோனியும் சேர்ந்து வகுத்த ‘ரெட் புக்’ விதிகளில் பாட்டை ரகசியக் குறியீடாக மாற்றி வைக்கும் ஏற்பாடே கிடையாது. ஒரு சிடியில் 600 எம்பிக்கு மேல் அடங்கும். அதை இறக்கி வைக்கிற அளவுக்கு இடமுள்ள வீட்டுக் கணினி அப்போது எங்கே இருந்தது?

*

சிடி ரைட்டர், எம்பி3, 1999-ல் இணையத்தில் பாட்டுகளைப் பகிர உதவிய நாப்ஸ்டர் என்று வரிசையாக வந்தபோது இசைக் கம்பெனிகளுக்குக் கலக்கம் பிடித்தது. ஆனால் உலகெங்கும் வீடுகளில் இருந்த பிளேயர்களுக்கோ பூட்டு என்றால் என்னவென்றே தெரியாது. பூட்டிய சிடி அவற்றில் ஓடாது; பூட்டாவிட்டால் கணினியில் நகலாகும். இதற்கு அவர்கள் கண்ட வழி, சிடியை வேண்டுமென்றே கொஞ்சம் கெடுத்து விற்பது! சாதாரண பிளேயர் கண்டுகொள்ளாத, கணினி டிரைவ் மட்டும் தடுமாறுகிற பிழைகளைத் தட்டில் பதித்தார்கள். கீறல் விழுந்தாலும் பாட்டு தடைப்படாமல் ஓடுவதற்காக சிடிக்குள் பிழை திருத்தும் தகவல் உண்டு. சில பூட்டுகள் கைவைத்தது அதில்தான். காசு கொடுத்து வாங்கியவரின் தட்டு, கீறலைத் தாங்கும் வலுவை ஓரளவு இழந்தே கடைக்கு வந்தது.

*

2001 நவம்பரில் பிரிட்டனில் நடாலி இம்ப்ரூலியாவின் ‘ஒயிட் லில்லிஸ் ஐலண்ட்’ ஆல்பம் இப்படிப் பூட்டோடு வந்தது. ஓடவில்லை என்று புகார்கள் குவிய, கம்பெனி பூட்டில்லாத சிடியை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

*

2002-ல் ஒரு பூட்டை மார்க்கர் பேனாவால் திறந்துவிட்டார்கள். சோனியின் ‘கீ2ஆடியோ’ முறையில், தட்டின் வெளி ஓரத்தில் பாட்டே இல்லாத ஒரு போலித் தகவல் வளையம் இருக்கும். பாட்டு கேட்கும் பிளேயர் உள்வட்டத்தில் தொடங்குவதால் அந்த வளையம் அதன் பார்வைக்கே வராது. கணினி டிரைவ் கடைசிப் பதிவைத் தேடி அங்கே போய் மாட்டிக்கொள்ளும். அந்த ஓரத்தை மட்டும் மார்க்கரால் கறுப்பாக்கினால் வளையம் மறைந்து, பாட்டு கணினியிலும் ஓடியது. அப்படிச் செய்யத் தெரியாதவர்கள் பாடுதான் திண்டாட்டம். ஐரோப்பாவில் விற்ற செலின் டியோன் ஆல்பத்தை ஐமேக்கில் போட்டவர்கள், தட்டு உள்ளேயே சிக்கி வெளியே வராமல் தவித்தார்கள்.

*

இந்தத் தட்டுகளில் அசல் சிடி முத்திரையைப் போடக் கூடாது என்று 2002-ல் சொன்னது யார் தெரியுமா? சிடியைப் படைத்த இருவரில் ஒருவரான பிலிப்ஸ். விதிக்குள் அடங்காத தட்டு சிடியே அல்ல என்பது அதன் வாதம். அந்தச் சர்ச்சையில் கேட்பவர் பக்கம் நின்று பேசிய பெரிய கம்பெனி அதுதான் என்பேன்.

*

2003-ல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் அலெக்ஸ் ஹால்டர்மேன், ‘மீடியாமேக்ஸ்’ பூட்டைத் திறக்க ஒரே ஒரு விசை போதும் என்று எழுதினார். தட்டைப் போடும்போது ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தால், தடுக்கும் மென்பொருள் தானாக ஓடாது. அவ்வளவுதான். பூட்டைச் செய்த சன்காம் நிறுவனம் வழக்குப் போடுவோம் என்று மிரட்டியது, பிறகு பின்வாங்கியது.

*

இவை எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டது 2005-ல் நடந்தது. அமெரிக்கக் கணினி வல்லுநர் மார்க் ருசினோவிச் தன் கணினியில் மறைந்திருக்கும் கோப்புகளைக் கண்டு திடுக்கிட்டார். வைரஸ்காரர்கள் தங்கள் தடத்தை மறைக்கக் கையாளும் ‘ரூட்கிட்’ உத்தி அது. துருவிப் பார்த்தபோது, அவர் கடையில் முறையாக வாங்கிய வான் ஸான்ட் சகோதரர்களின் ஆல்பத்திலிருந்து அது இறங்கியிருந்தது தெரியவந்தது. அந்த சிடியை வெளியிட்டது சோனி பிஎம்ஜி. மென்பொருள், பிரிட்டனைச் சேர்ந்த ‘ஃபர்ஸ்ட் 4 இன்டர்நெட்’ எழுதிய எக்ஸ்சிபி. அக்டோபர் 31 அன்று அவர் இதை வெளியிட்டார்.

அது செய்த வேலையைப் பாருங்கள். பெயரின் முன்னால் டாலர் குறி, சிஸ், மறுபடி டாலர் குறி என்று வரும் எந்தக் கோப்பையும் விண்டோஸின் கண்ணிலிருந்து மறைத்தது. அந்தப் பெயரை யார் வைத்தாலும் மறைத்தது! சில நாட்களிலேயே அதே பெயரில் ஒளிந்துகொள்ளும் வைரஸ்கள் வந்துவிட்டன. இரண்டு விநாடிக்கு ஒருமுறை கணினியில் ஓடும் புரோகிராம்களை அது வேவு பார்த்தது. கையால் அழித்தாலோ, சிடி டிரைவே விண்டோஸில் காணாமல் போனது. இப்படி ஒன்று ஒளிந்துகொள்ளும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. நீக்குவதற்கென்று கம்பெனி கொடுத்த கருவி இன்னும் பெரிய ஓட்டையைத் திறந்துவிட்டதை ஹால்டர்மேனும் அவர் பேராசிரியர் எட் ஃபெல்டனும் கண்டுபிடித்தார்கள். பதிப்புரிமையைக் காக்க வந்த எக்ஸ்சிபிக்குள்ளேயே ‘லேம்’ என்ற திறமூல எம்பி3 மென்பொருளின் பகுதிகள் உரிமத்தை மீறிச் சேர்க்கப்பட்டிருந்ததும் வெளியே வந்தது.

52 ஆல்பங்கள், கடைகளுக்குப் போனவை சுமார் 47 லட்சம் தட்டுகள், விற்றவை சுமார் 21 லட்சம். நவம்பரில் அவற்றைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். டெக்சாஸ் மாநிலம் வழக்குத் தொடுத்தது. 2007-ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்துடன் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, கணினி பழுதானவர்களுக்கு 150 டாலர் வரை தர வேண்டியதாயிற்று. இதில் என்னை இன்றும் கொதிக்க வைப்பது ஒன்று: திருட்டு எம்பி3 இறக்கியவர் கணினிக்கு இந்தச் சிடியால் ஒரு கெடுதலும் இல்லை. அகப்பட்டவர் கடைக்குப் போய் முழு விலை கொடுத்தவர்.

*

அதே சிடிகளின் ஒப்பந்தத்தில் என்ன இருந்தது தெரியுமா? வீட்டில் திருடன் புகுந்து அசல் தட்டைக் கொண்டுபோனால், கணினியில் உள்ள நகலையும் நீங்கள் அழித்துவிட வேண்டும். திவாலானாலும் அழிக்க வேண்டும். நாட்டைவிட்டுக் குடிபெயர்ந்தாலும் அப்படியே.

*

அப்படியானால் இணையத்தில் வாங்கிய பாட்டு? ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடை 2003 ஏப்ரல் 28-ல் 2 லட்சம் பாடல்களோடு திறந்தது. ஒரு பாட்டு 99 சென்ட். முதல் வாரத்திலேயே 10 லட்சம் பாடல்கள் விற்றன. அங்கேயும் ‘ஃபேர்பிளே’ என்ற பூட்டு இருந்தது. முதலில் மூன்று கணினிகளில்தான் பாட்டு ஓடியது. ஆனால் சாதாரண சிடியில் எழுதிக்கொள்ளலாம் என்று அவர்களே அனுமதித்தார்கள். எழுதிய சிடியைத் திரும்பக் கணினியில் ஏற்றினால் பூட்டு போய்விட்டது.

*

2007 பிப்ரவரியில் ஆப்பிள் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் ஒரு திறந்த கடிதம் எழுதினார். அதில் அவர் சொன்ன கணக்கு இது: 2006-ல் இணையக் கடைகள் பூட்டோடு விற்ற பாடல்கள் 200 கோடிக்கும் குறைவு. அதே ஆண்டு அதே கம்பெனிகள் சிடியில் பூட்டே இல்லாமல் விற்றவை 2,000 கோடிக்கும் மேல். முன்வாசலை மட்டும் பூட்டுவதால் என்ன பயன் என்பதற்கு இதைவிட வேறு கணக்கு வேண்டியதில்லை. 2007 மே மாதம் இஎம்ஐ கம்பெனியின் பாடல்கள் ஐடியூன்ஸில் பூட்டில்லாமல் வந்தன. செப்டம்பரில் அமேசான் எம்பி3 கடை திறந்தது. 2009-ல் ஐடியூன்ஸ் பாடல்கள் எல்லாமே பூட்டைக் கழற்றிவிட்டன.

பூட்டு போனாலும் ஒரு அடையாளம் மிஞ்சியது. அந்தப் பூட்டில்லாத கோப்புகளுக்குள் வாங்கியவரின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் எழுதப்பட்டிருந்தன.

*

கடை மூடினால் பாட்டு என்ன ஆகும்? 2008-ல் மைக்ரோசாஃப்ட், தன் எம்எஸ்என் மியூசிக் கடையின் உரிம சர்வர்களை ஆகஸ்ட் 31-ல் நிறுத்தப்போவதாக அறிவித்தது. அதன்பின் புதுக் கணினிக்கு மாறினால், காசு கொடுத்து வாங்கிய பாட்டு அதில் திறக்காது. வாடிக்கையாளர்கள் கொதித்தெழவே 2011 வரை ஓட்டுவதாக ஒப்புக்கொண்டது. யாஹூ மியூசிக்கும் அதே ஆண்டு சர்வரை நிறுத்தியது. இதோடு நம் ஊர் ஃப்ளிப்கார்ட்டின் ‘ஃப்ளைட்’ கடையை வைத்துப் பாருங்கள். 2012-ல் தொடங்கி 2013-ல் மூடியதுதான். ஆனால் விற்றது பூட்டில்லாத எம்பி3. கம்பெனி கொடுத்த கெடுவுக்குள் இறக்கி வைத்துக்கொண்டவரின் பாட்டு அவரிடமே தங்கியது.

*

பழைய சிடியை விற்கலாம். வாங்கிய எம்பி3-ஐ? ரீடிஜி என்ற நிறுவனம் அதற்கென்றே சந்தை தொடங்கியது. கேப்பிடல் ரெக்கார்ட்ஸ் வழக்குப் போட, 2018-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அது கூடாது என்றது. கோப்பு ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது புதிய நகல் உருவாகிவிடுகிறது என்பது காரணம்.

*

சொந்த சிடியைச் சொந்தக் கணினியில் ஏற்றுவதை 2014 அக்டோபரில் பிரிட்டன் சட்டப்படி அனுமதித்தது. 2015 ஜூலையில் லண்டன் உயர் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. இந்தியாவில் 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது, தனிப்பட்ட சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாடு ஒலிப்பதிவுகளுக்கும் சேர்ந்தது. கூடவே 65ஏ பிரிவும் நுழைந்தது: உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு.